இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்?

அத்திவரதர் 1979இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் நாடா போடப் பழகிக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர்களுக்கு, 2019இல் அவர் மறுபடி எழுந்தருளியபோது அறுபது வயது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் தரிசனத்தை இரண்டாம் முறையும் பெற்ற இந்தத் தலைமுறை, தன் தாத்தாக்களைவிட நீண்ட முதுமையை வாழ்கிறது. 1970களின் இறுதியில் இந்திய ஆணின் சராசரி ஆயுள் 53 வயதை ஒட்டி இருந்தது. இன்று அது 70ஐ நெருங்கியிருக்கிறது. குழந்தை இறப்புகள் குறைந்ததற்கு இதில் பெரும்பங்கு உண்டு என்றாலும், அறுபதைக் கடந்தும் இருபது ஆண்டுகள் வாழ்வது இன்று எந்தத் தெருவிலும் அரிதல்ல. கூடுதலாகக் கிடைத்த இந்த ஆண்டுகளோடு, பெரும்பாலும் முதியவர்களையே தேடி வரும் ஒரு நோயும் வந்திருக்கிறது. அது புராஸ்டேட் புற்றுநோய். தற்செயலாக, முதல் தரிசனம் நடந்த அதே 1979இல்தான் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் மிங் சூவின் குழு, அந்த நோயின் தடத்தைப் பின்னாளில் ரத்தத்தில் தேட உதவிய புரதத்தைச் சுரப்பியிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தது. ஆய்வகச் சீட்டுகளில் பி.எஸ்.ஏ. என்று நாம் காணும் மூன்றெழுத்து அதுதான். நோயும் இருக்கிறது, சோதனையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது முதியவர்களின் மனம். அந்த மனத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் தவறு. அவர்களுடைய தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை மதித்தால்தான் மறுபாதியை மாற்ற முடியும்.

புராஸ்டேட், ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கிறது. இளமையில் பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். விந்துத் திரவத்தின் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. அந்தத் திரவத்தை இளக்கி நீர்மையாக்கும் நொதியே பி.எஸ்.ஏ. வயது ஏற ஏற, குழாயை ஒட்டிய உட்பகுதி பருக்கத் தொடங்கும். மக்கள் 'புராஸ்டேட் வீக்கம்' என்று சொல்வது இதைத்தான். வாசலில் கூட்டம் நெருக்குவதுபோல் அது குழாயை நெருக்கும்; சிறுநீர் மெல்லிய தாரையாகப் போகும், நின்று நின்று வரும், இரவில் மூன்று நான்கு முறை எழுப்பும். இந்த வீக்கம் புற்றல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளிவிளிம்பில், குழாயிலிருந்து தள்ளியே முளைக்கிறது. அங்கே அது பட்டாணி அளவு வளர்ந்தாலும் சிறுநீருக்கு எந்தத் தடையும் நேராது. எனவே தொந்தரவு தருவது பெரும்பாலும் புற்றல்ல. தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. "நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்ற கேள்வி காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் பொருந்தும். இந்த நோயில் நன்றாக இருக்கும் காலமும் நோய் வளரும் காலமும் ஒன்றாகவே ஓடுகின்றன.

நோய் பேசத் தொடங்கும்போதும் காஞ்சிபுரம் போன்ற ஊரில் அதன் குரல் கேட்பது கடினம். புராஸ்டேட் புற்று வளர்ந்து பரவும்போது முதலில் நாடிச் செல்லும் இடங்களில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முக்கியமானவை. அதனால் பல முதியவர்களிடம் அது தன்னை முதலில் அறிவித்துக்கொள்வது முதுகுவலியாகத்தான். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து, குனிந்த முதுகோடு நாற்பது ஐம்பது ஆண்டுகள் பட்டு நெய்த ஒருவருக்கு முதுகுவலி புதுச் செய்தியா என்ன? காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும் முதிய நெசவாளரைப் பார்க்கும் யாரும், அவரும்கூட, தறியைத்தான் நினைப்பார்கள். தைலம் பூசுவார்கள், வலி மாத்திரை வாங்குவார்கள், மாதங்கள் ஓடும். மறுபக்கம், இரவில் பலமுறை எழுவதற்குச் சர்க்கரை நோயும் காரணமாகலாம். தமிழ்நாட்டில் அது வீட்டுக்கு ஒருவர் என்னும் அளவுக்குப் பரவியிருப்பதால் பழி உடனே அதன்மேல் விழுகிறது. சர்க்கரை இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." ஆக, நோயின் இரண்டு குரல்களுக்கும் இந்த ஊரில் ஏற்கெனவே வேறு பெயர்கள் உண்டு. முதுகின் குரலுக்குத் தறி என்றும், நீரின் குரலுக்கு வயது அல்லது சர்க்கரை என்றும் பெயர். முதியவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று குறைசொல்வதற்கு முன்னால், அவர்கள் தவறாகப் படிக்கும்படியாகவே அறிகுறிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் விளைவை இரண்டு நாடுகளின் கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேருக்குப் புராஸ்டேட் புற்று கண்டறியப்படுகிறது. சுமார் 35 ஆயிரம் பேர் அதனால் இறக்கிறார்கள். இந்தியாவில் 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி சுமார் 34,500 பேருக்குக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 16,800 பேர் இறந்தார்கள். அங்கே எட்டு, ஒன்பது நோயாளிகளுக்கு ஒரு இறப்பு. இங்கே இரண்டுக்கு ஒன்று. இந்த இடைவெளியை அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. அமெரிக்கக் கணக்கில் பலர், ஒருபோதும் தொல்லை தந்திருக்காத சின்னஞ்சிறு புற்றுகளுக்காகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களால் அங்கே விகிதம் அழகாகத் தெரிகிறது. நம் கணக்கில் நோய் எலும்பை எட்டிய பிறகு வந்து சேர்ந்தவர்கள் கணிசமானோர். அவர்களால் இங்கே விகிதம் கொடுமையாகத் தெரிகிறது. அங்கே அளவுக்கு மீறித் தேடுகிறார்கள், இங்கே தேடுவதே இல்லை. பி.எஸ்.ஏ. பற்றி உலகெங்கும் நடந்த விவாதத்தின் பெரும்பகுதி முதல் தவறைப் பற்றியது. அதை அப்படியே இறக்குமதி செய்து, "வெளிநாட்டிலேயே இந்த டெஸ்ட் வேண்டாமென்கிறார்கள்" என்று நம் முதியவர்களுக்குச் சொல்வது, வெள்ளத்துக்கு எழுதிய எச்சரிக்கையை வறட்சியில் வாசிப்பதாகும்.

ஆனாலும் அந்த விவாதத்தை அறியாமல் முடிவெடுக்கவும் முடியாது. பி.எஸ்.ஏ. என்பது புற்றின் அடையாளமே அல்ல, சுரப்பியின் அடையாளம். சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும், சில நாள் முன் நிகழ்ந்த உடலுறவினாலும்கூட ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலமாக எல்லைக்கோடு. நான்குக்கும் பத்துக்கும் இடைப்பட்ட அளவு வந்தவர்களில் திசு எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே புற்று இருக்கும். கோட்டுக்குக் கீழே இருந்தாலும் நிம்மதி முழுமையல்ல. நான்கும் அதற்குக் குறைவும் இருந்த ஆண்களிடம் 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 15 விழுக்காட்டினருக்குப் புற்று தென்பட்டது. இதைவிட ஆழமான சிக்கல், கண்டறிந்த புற்றெல்லாம் கொல்லும் புற்றல்ல என்பது. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடல்களைப் பரிசோதித்த ஆய்வுகள், எழுபதுகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேலும், எண்பதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், அவர்கள் அறியாமலேயே புராஸ்டேட்டில் புற்றணுக்கள் இருந்ததைக் காட்டியுள்ளன. அதோடு வாழ்ந்தார்கள், வேறொன்றால் இறந்தார்கள். 1970இல் இந்தப் புரதத்தைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் அப்ளின், நாற்பது ஆண்டுகள் கழித்து, எல்லா ஆண்களுக்கும் இச்சோதனையைச் செய்வது பெருந்தவறு என்று பகிரங்கமாக எழுதினார். "வயசான காலத்துல கிடக்கறது கிடக்கட்டும்" என்று திண்ணையில் அமர்ந்து சொல்லும் முதியவரின் வாக்குக்கும் அப்ளினின் கவலைக்கும் நாம் நினைக்கும் அளவுக்குத் தூரமில்லை.

அப்படியானால் சோதனையால் பயனுண்டா? இதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் வலுவானது, 1990களில் எட்டு ஐரோப்பிய நாடுகளில் தொடங்கிய பெரும் ஆய்வு. 55 முதல் 69 வயது வரையிலான 1,62,000க்கும் மேற்பட்ட ஆண்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறை மட்டும் அவ்வப்போது பி.எஸ்.ஏ. சோதனைக்கு அழைத்தார்கள். 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவுகள் 2025இல் வெளியாயின. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 1.4 விழுக்காட்டினர் புராஸ்டேட் புற்றால் இறந்திருந்தார்கள், அழைக்கப்படாதவர்களில் 1.6 விழுக்காட்டினர். அதாவது 456 பேரை அழைத்தால் ஒரு இறப்பு தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு பேர் புற்றுநோயாளி என்ற பெயரைச் சுமக்கிறார்கள். பயன் உண்மை, ஆனால் சிறியது. அது கண்ணுக்குத் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கிறது. இதே தராசில் நின்றுதான் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012இல் இச்சோதனை எவருக்கும் வேண்டாமென்றது. பிறகு 2018இல் 55 முதல் 69 வயதினர் மருத்துவரோடு நன்மை தீமைகளைப் பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்றும், அறிகுறி இல்லாத, 70 வயதை எட்டியவர்களுக்கும் அதைக் கடந்தவர்களுக்கும் வேண்டாம் என்றும் திருத்திக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் சோதனைகள் குறைந்தன, பரவிய நிலையில் கண்டறியப்படும் புற்றுகள் கூடின. "செய்யாதே" என்ற கட்டளைக்கும் "எல்லோரும் செய்" என்ற கட்டளைக்கும் விலை உண்டு என்பதே இந்த முப்பதாண்டு அனுபவத்தின் சாரம். எஞ்சுவது ஒரு வழிதான். உரிய வயதில், உரிய மனிதரிடம், புரியும்படி பேசி, அவரையே முடிவெடுக்கச் செய்வது.

முதியவர்கள் அந்தப் பேச்சையே தவிர்ப்பது ஏன்? ரத்தம் எடுக்க அஞ்சி அல்ல. மாதம் தவறாமல் சர்க்கரைக்கு விரல் நுனியைக் குத்திக்கொள்கிறவர்கள்தான் அவர்கள். ஒரு சோதனைக்குத் தலையசைத்தால் அது இன்னொன்றில் கொண்டுபோய் விடும், அது ஆபரேஷனில் முடியும், நடுவில் இறங்க வழியில்லை என்ற எண்ணமே அஞ்ச வைக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த எண்ணம் பெருமளவு சரிதான். இன்று ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பலாம். எண் சற்று ஏறியிருந்தால் முதலில் செய்ய வேண்டியது சில வாரம் கழித்து மறுபடி அளப்பது. பலருக்கு அது தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால் அடுத்தது எம்.ஆர்.ஐ. படம். 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், முதலில் படம் எடுத்தவர்களில் 28 விழுக்காட்டினருக்கு ஊசியால் திசு எடுக்கும் தேவையே எழவில்லை. திசுவில் புற்று தெரிந்தாலும் அது வீரியம் குறைந்த வகையானால் உடனே கத்தி எடுப்பதில்லை. குறித்த இடைவெளிகளில் அளந்து, பார்த்து, கண்காணிப்பிலேயே வைக்கிறார்கள். பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து நடந்த ஆய்வில், 15 ஆண்டுகளுக்குப் பிறகு எந்தப் பிரிவிலும் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் இந்நோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவியது சுமார் 9 விழுக்காடு. மற்ற இரு பிரிவுகளில் அதில் பாதி. இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அதேபோல், ஆறாம் ஆண்டில் சிறுநீர்க் கசிவுக்காகப் பஞ்சுப்பட்டை வைத்துக்கொள்ள நேர்ந்தவர்கள் அறுவைப் பிரிவில் 17 விழுக்காடு, கண்காணிப்பில் 8, கதிர்வீச்சில் 4 என்பதையும் மறைக்கக் கூடாது. இவற்றில் எது தனக்குப் பெரிது என்று சொல்லத் தகுதியுள்ளவர், அந்த உடலில் வாழப்போகும் மனிதர்தான்.

இந்த அச்சங்களிலெல்லாம் ஆழமானது, வெளியே சொல்லப்படாதது, ஆண்மை பற்றியது. மலக்குடல் வழியாக விரலிட்டுத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையை அவமானமாக உணர்வது, சிகிச்சைக்குப் பின் தாம்பத்திய வாழ்வு போய்விடும் என்று கலங்குவது இரண்டையும் அற்பமென்று தள்ள எவருக்கும் உரிமையில்லை. முதலாவதற்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஜெர்மனியில் 45 வயதுடைய 46,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ப்ரோபேஸ் ஆய்வில், விரல் பரிசோதனை புற்றை மோசமாகவே கண்டுபிடித்தது. அறிகுறி இல்லாதவருக்கு முதற்கட்டத்தில் ரத்தச் சோதனையே போதும் என்ற கருத்து அதன்பின் வலுத்திருக்கிறது. இரண்டாவதற்கு விடை சற்றுக் கசப்பானது. அறுவையிலும் கதிர்வீச்சிலும் ஆண்மைக் குறைவு நேர்வது உண்மை. ஆனால் தாமதமாக வந்தால் என்ன ஆகும்? 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ், பரவிய புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனை உண்டே வளர்கிறது, அதை நிறுத்தினால் ஒடுங்குகிறது என்று காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்றும் முற்றிய நோய்க்குச் சிகிச்சையின் அடித்தளம் அதுவே. ஊசி மருந்தால் ஹார்மோனை அடக்குவார்கள். செலவு தாங்காதவர்களுக்கு விதைகளையே நீக்குவார்கள். ஆண்மை போய்விடும் என்று அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடும் ஒருவரை, அந்த ஆண்மையை முழுவதும் அடக்கியே தீர வேண்டிய சிகிச்சையிடம் தாமதம் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். எந்த அச்சத்தால் விலகினாரோ அந்த அச்சமே அவரை நெருங்குவதற்குரிய காரணமும் ஆகிறது.

இந்த மௌனம் படிக்காதவர்களுக்கோ சிற்றூர்களுக்கோ உரியது என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின், 2023 டிசம்பரில் புராஸ்டேட் புற்றுக்காக அறுவை செய்துகொண்டதைத் தம் அதிபருக்கே சொல்லாமல் மறைத்தார். விஷயம் வெளியானபின் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம், 2024 ஜனவரியில், பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸ், புற்றல்லாத புராஸ்டேட் வீக்கத்துக்காக மருத்துவமனைக்குப் போவதை வெளிப்படையாக அறிவித்தார். அன்று பிரிட்டிஷ் பொது மருத்துவ சேவையின் இணையதளத்தில் புராஸ்டேட் வீக்கம் பற்றிய பக்கத்தைத் தேடி வந்தவர்கள் முந்தைய நாளைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பெரிய படையின் தலைமையும் ஒரு மனிதரின் நாவை அவிழ்க்கவில்லை. இன்னொருவர் சொன்ன ஒரே வாக்கியம் ஆயிரக்கணக்கானோர் மனத்தில் புதைந்திருந்த கேள்வியை வெளியே இழுத்தது. மௌனம் எங்கும் உண்டு. ஒருவர் முதலில் பேசினால் அது கலைவதும் எங்கும் உண்டு.

கத்தியைப் பற்றிய ஒரு நம்பிக்கைக்கும் விடை சொல்லியாக வேண்டும். "கட்டியில கத்தி பட்டா பரவிடும்" என்ற சொல் பல வீடுகளில் முடிவெடுக்கும் சொல்லாக இருக்கிறது. அது வெறும் மூடநம்பிக்கையாகப் பிறந்ததல்ல. நோய் முற்றிய பின் அறுவைக்குப் போனவர்கள் சில மாதங்களில் இறந்ததைக் கண்ட ஊர், முன்னால் நடந்ததைப் பின்னால் நடந்ததற்குக் காரணமாக்கிக்கொண்டது. பரவல் அங்கே கத்திக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. புராஸ்டேட்டில் திசு எடுக்கும் ஊசி வழியே புற்று பரவுவது மிக மிக அரிது. அந்த ஊசியில் உண்மையான ஆபத்து கிருமித் தொற்று. மலக்குடல் வழியே குத்துவதைவிட அதற்கு முன்னுள்ள தோல் வழியே குத்தினால் அதுவும் குறைகிறது. ஊரின் நம்பிக்கையைப் பழித்து எதையும் மாற்ற முடியாது. சீக்கிரம் வந்து, சிகிச்சை பெற்று, பத்து ஆண்டுகளாகத் தெருவில் நடமாடும் ஒருவர் தம் நோயின் பெயரைச் சொல்லத் துணிந்தால் அது மாறும். அப்படி வாழ்ந்தவர்கள் வாய் திறப்பதில்லை, இறந்தவர்களைப் பற்றியே ஊர் பேசுகிறது. அதனால் புற்று என்றாலே சாவு என்ற கணக்கு மட்டும் நிலைக்கிறது.

மறுபுறத்திலிருந்து வலுவான இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, எழுபதுக்கு மேல் வேண்டாமென்றால் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு நேர்ந்தது என்ன? 2025 மே மாதம், 82 வயதில், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்று அவருக்குக் கண்டறியப்பட்டது. கடைசியாக அவர் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014இல். ஒருவரின் கதையை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. எழுபத்தைந்து வயதில், இதயநோயும் சர்க்கரையும் உள்ள ஒருவருக்கு, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பயன் தரும் சோதனை இன்றே வேதனை தரலாம். ஆனால் அதே வயதில் திடமாக நடமாடும் ஒருவர் கேட்டால் மறுக்கவும் காரணமில்லை. முக்கியமானது வேறு: அறிகுறி உள்ளவருக்கு வயது வரம்பு என்பதே கிடையாது. சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம், இரவில் படுத்தாலும் விடாத புதிய முதுகுவலி, கால் மரத்துப்போதல் இவற்றோடு வரும் எண்பது வயதுக்காரருக்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். முதுகெலும்பில் இறங்கிய புற்று தண்டுவடத்தை நெருக்கினால் சில மணி நேரங்கள்கூடக் கால்களைக் காக்கலாம், இழக்கவும் வைக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் பொதுநல மருத்துவம் அறிந்தவர்களுடையது. இந்தியாவில் இந்நோயின் வீதம் ஐரோப்பாவைவிடப் பல மடங்கு குறைவு. அங்கேயே 456 பேருக்கு ஒருவர் என்றால் இங்கே இன்னும் பலரை அழைக்க வேண்டியிருக்கும். தமிழக ஆண்களை வாய்ப்புற்றும் வயிற்றுப்புற்றும் இதைவிட அதிகம் தாக்குகின்றன. தேசியத் திட்டம் முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்று புற்றுகளுக்கே பரிசோதனை வைத்திருக்கிறது. தமிழக அரசு 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்கிய திட்டமும் அந்த மூன்றையே எடுத்துக்கொண்டது. இந்த வரிசை சரியானது; அதைக் கலைக்க நான் கேட்கவில்லை. தெருமுனையில் முகாம் போட்டு எல்லா முதியவருக்கும் பி.எஸ்.ஏ. எடுப்பது பயனைவிடக் குழப்பத்தையே விளைக்கும். அதே குழப்பம் இன்னொரு வாசல் வழியாக ஏற்கெனவே நுழைந்துகொண்டிருக்கிறது. சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகன் அப்பாவுக்காக வாங்கும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் பி.எஸ்.ஏ.வும் ஒரு வரியாக வந்துவிடுகிறது. கேட்காமல் எடுத்த எண், விளக்காமல் கைக்கு வருகிறது. சிவப்பு எழுத்தில் இருந்தால் வீடே கலங்குகிறது. சோதிக்காத மௌனமும் பேசாமல் செய்த சோதனையும் ஒரே குறையின் இரு முகங்கள். உலகத்தில் ஆண்டுக்கு 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகள் 2040இல் 29 லட்சமாவார்கள் என்றும், அந்த ஏற்றம் வளரும் நாடுகளில்தான் மிகுதி என்றும் லான்செட் ஆணையம் 2024இல் எச்சரித்தது. முதுமை நீளும் தமிழ்நாடு அதிலிருந்து விலகி நிற்க முடியாது. வீதம் குறைவாக இருக்கும்போதே பேசப் பழகுவது, கூடிய பின் கதறுவதைவிட மலிவு.

அந்தப் பேச்சுக்குக் காஞ்சிபுரம் அந்நியமான ஊரல்ல. இங்கே பிறந்த அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுக்காக 1968இல் நியூயார்க் சென்று சிகிச்சை பெற்று, மறு ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. வடமாவட்டங்களிலிருந்து மக்கள் சிகிச்சைக்கு வரும் ஊர் இது. நோயைக் கண்டபின் போக இடம் உண்டு; காணும் முன் பேச இடம் இல்லை. அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வரும் ஊழியர்கள் ஏற்கெனவே இந்த முதியவர்களின் வாசற்படி ஏறுகிறார்கள். கூலியும் பாவும் வாங்க நெசவாளர்கள் கூடும் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டியது, "புற்றுநோய் சோதனை செய்துகொள்கிறீர்களா" என்ற அச்சுறுத்தும் கேள்வி அல்ல. "ஐயா, ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கிறீங்க?" என்பது போதும். எழுவது புற்றின் அடையாளமல்ல. பெரும்பாலும் மாத்திரைக்கே கட்டுப்படும் வீக்கம்தான். ஆனால் அந்தக் கேள்வி கதவைத் திறக்கும். வீக்கத்துக்கு நிவாரணம் கிடைக்கும், தூக்கம் திரும்பும், அந்த நம்பிக்கையில் அடுத்த பேச்சு தானாக வரும். பட்டில் கோர்வை போடும்போது உடலும் கரையும் வேறு வேறு நிறம். தறியில் இருப்பவரும் பக்கத்தில் நின்று கரை நாடாவைத் தள்ளுபவரும் ஒரு தாளத்தில் இயங்கினால்தான் இரண்டும் பிரியாமல் இணையும். பி.எஸ்.ஏ. பற்றிய முடிவும் அப்படி இருவர் சேர்ந்து நெய்வது. நோயைப் பற்றி மருத்துவருக்குத் தெரியும். தன் வாழ்க்கையில் எது பெரிது என்பது முதியவருக்குத் தெரியும்.

பேசாமையின் கடைசி விலையைக் கட்டுவது அடுத்த தலைமுறை. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ புராஸ்டேட் புற்று இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. குடும்பப் பெண்களிடம் மார்பகப் புற்று மிகுந்திருந்தாலும் சில மரபணுக்கள் வழியே அந்த ஆபத்து ஆண்களையும் தொடலாம். அப்படிப்பட்டவர்கள் ஐம்பதுக்கு முன்பே மருத்துவரிடம் பேசத் தொடங்க வேண்டும். ஆனால் தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டால் பல வீடுகளில் கிடைக்கும் பதில், "முதுகுவலின்னு படுத்தார், எழுந்திருக்கல", "நீர் அடைச்சுப் போச்சு", "வயசாயிட்டுது." இந்தச் சொற்களுக்குள் புராஸ்டேட் புற்று இருந்ததா என்பதை இனி எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. அவை பேரனுக்கு எதையும் சொல்லாமல் அணைந்துபோன எச்சரிக்கைகள். 1979இலும் 2019இலும் குளக்கரையில் நின்ற இன்றைய முதியவர் சோதனை செய்துகொள்ளலாம், யோசித்து வேண்டாமென்றும் சொல்லலாம். இரண்டும் அவருடைய உரிமை. ஆனால் இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று மருத்துவரிடமும், தனக்கு என்ன நோய் என்று மகனிடமும் அவர் சொல்லிவிட்டால், 2059இல் அதே குளக்கரையில் நிற்கப்போகும் பேரன் தன் உடலைப் பற்றி அறிந்து முடிவெடுப்பான்.